சாக்கடை போகிற ஊருக்கு நாமும் போவோம்

பெங்களூருத் தமிழ்த் தோழர்களே!

பசவனகுடி காளைக் கோயில் பக்கத்தில் பிறக்கிறது விருஷபாவதி. மைசூரு ரோட்டில் பஸ் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அங்கே ஓடுவது அதுதான். அதை ஆறு என்று சொன்னால் நம் பிள்ளைகள் நம்புவதில்லை. நகரத்தின் மேற்குப் பாதி கழித்த கழிவையெல்லாம் சுமந்துகொண்டு அது கெங்கேரியைத் தாண்டி, பிடதிக்கு அருகே பைரமங்கலா ஏரியில் போய் விழுகிறது. அங்கிருந்து அர்க்காவதி. கனகபுரத்துக்குத் தெற்கே சங்கமத்தில் காவிரி. அப்புறம் ஒகேனக்கல், மேட்டூர், நம் பாட்டன் பூட்டன் உழுத வயல்.

தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் குழாய் போட்டு, மேட்டுக்கு ஏற்றி, காவிரியைக் குடிக்கிறோம். குடித்து, குளித்து, கழுவி, சாக்கடையாக்கி அதே காவிரிக்கு அனுப்பிவைக்கிறோம். வழியில் அதை முதலில் வாங்கிக்கொள்பவர்கள் பைரமங்கலா விவசாயிகள். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டுதான் அவர்கள் தென்னை வளர்த்தார்கள், மல்பெரி வளர்த்தார்கள், மாட்டுக்குப் புல் வளர்த்தார்கள். அங்கே பறித்த மல்பெரி இலையில்தான் ராமநகரம் பட்டுக்கூடு மார்க்கெட்டுக்குப் போகும் புழு கொழுத்தது. நகரம் தங்கள் ஏரியைக் கெடுத்ததற்கு அவர்கள் ஒருநாளும் நம் வீட்டு வாசலில் வந்து கல்லெறியவில்லை.

இப்போது அதே நகரம் அவர்களிடம் நிலத்தையும் கேட்கிறது. பிடதியில் கிரேட்டர் பெங்களூரு ஒருங்கிணைந்த நகரியம் என்ற திட்டத்துக்காகப் பைரமங்கலா, கஞ்சுகாரனஹள்ளி ஊராட்சிகளின் ஊர்களில் பல ஆயிரம் ஏக்கர் எடுக்க 2025 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. பட்டுக்கும் பாலுக்கும் தேங்காய்க்கும் பேர்போன மண் அது. அந்த ஊர்க்காரர்கள் இன்று பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் மாட்டைக் கட்டிவிட்டு, பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, போராட்டத்துக்கு வருகிறார்கள்.

தோழர்களே, நாம் எங்கே இருக்கிறோம்?

"அது கன்னடக்காரர் பிரச்சினை, நமக்கென்ன?" என்று சிவாஜிநகரில் ஒரு தம்பி என்னிடம் கேட்டான். அவன் அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அவன் தாத்தாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. அது எப்படிப் போனது என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. என் அப்பாவும் 1960களில் திருப்பத்தூரிலிருந்து பின்னி மில் வேலைக்கு வந்தவர்தான். நம்மில் பெரும்பாலோர் நிலம் கைவிட்ட குடும்பங்கள். பீன்யா பட்டறையிலும், கலாசிபாளையம் மூட்டையிலும், கே.ஆர். மார்க்கெட் கூடையிலும், அடுக்குமாடி வீடுகளின் அடுப்படியிலும் கிடக்கிறவர்களில் நிலம் இழந்தவன் கதையைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் யாரும் இல்லை.

விமான நிலையம் போகிற பாதையில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலுக்கு நிற்கிற பெரியவர் ஒருவரை நான் அறிவேன். நீச்சல் குளத்தைக் கைகாட்டி, "மேஷ்ட்ரே, நம்ம கிணறு அங்கேதான் இருந்தது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். இழப்பீட்டுப் பணத்தில் ஒரு கார் வாங்கினார்கள், ஒரு கல்யாணம் நடந்தது, ஒரு வீடு பாதியில் நின்றது. ஆறு வருடத்தில் பணம் தீர்ந்தது. நில உரிமைப் பதிவான பஹணி அவர் பெயரில் இருந்தது; அதனால் அவருக்கு அந்தப் பணமாவது வந்தது. அந்த நிலத்தில் காலமெல்லாம் கூலிக்குக் களை எடுத்த பெண்ணுக்கு என்ன வந்தது? வாரத்துக்கு உழுத தலித் குடும்பத்துக்கு என்ன வந்தது? எந்த அறிவிக்கையிலும் அவர்கள் பெயர் இல்லை.

"எதிர்த்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு நான் தேவனஹள்ளியைச் சொல்கிறேன். கேளுங்கள். இதை நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

தேவனஹள்ளி தாலுகா, சன்னராயபட்டணா ஹோப்ளி. பதின்மூன்று ஊர்களில் 1,777 ஏக்கரை விண்வெளித் தொழில் பூங்காவுக்கு எடுப்பதாகக் கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியம் அறிவித்தது. அது ராகியும் காய்கறியும் பூவும் மாவும் விளைகிற மண். புவிசார் குறியீடு பெற்ற பெங்களூர் நீலத் திராட்சைக்கும் தேவனஹள்ளிச் சக்கோத்தாவுக்கும் தாய் மண். 2022 ஏப்ரல் 4 அன்று அந்த ஊர்க்காரர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் சிறு விவசாயிகள். நிலச் சீர்திருத்தம் கொடுத்த துண்டு நிலத்தை முதன்முதலாகச் சொந்தம் என்று சொல்லிக்கொண்ட தலித் குடும்பங்கள் கணிசம். ஓர் அரசு போனது, அடுத்த அரசு வந்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது ஆதரவு சொன்னவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் பேச்சு மாறியது. பந்தல் மட்டும் அங்கேயே இருந்தது. நாற்று நடும் நாளில் நட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள், அறுக்கும் நாளில் அறுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

2025 ஜூனில் அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. மூன்று ஊர்களை விட்டுவிடுகிறோம், மற்ற பத்து ஊர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றது. இந்த இடத்தைக் கவனியுங்கள், தோழர்களே. பல போராட்டங்கள் உடைந்த இடம் இது. தப்பித்த மூன்று ஊரும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. ஜூன் 25 அன்று தேவனஹள்ளியில் எல்லோரும் திரண்டார்கள். போலீஸ் பலரை வண்டியில் ஏற்றியது. அதன் பிறகு போராட்டம் நகரத்துக்குள்ளேயே, ஃப்ரீடம் பார்க்குக்கு வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் தலைவர்களை அடைத்துவைத்த பழைய மத்தியச் சிறை அது. அங்கே விவசாயிகளோடு தலித் சங்கங்கள் உட்கார்ந்தன, தொழிற்சங்கங்கள் உட்கார்ந்தன, மாணவர்கள் உட்கார்ந்தார்கள், எழுத்தாளர்கள் உட்கார்ந்தார்கள். நடிகர் பிரகாஷ்ராஜ் வந்து உட்கார்ந்தார். ஜூலை 15 அன்று முதலமைச்சர் சித்தராமையா, நிலம் எடுப்பதை முற்றிலும் கைவிடுவதாக அறிவித்தார்.

1,198 நாள். மூன்று உகாதி, மூன்று தீபாவளி, மூன்று மழைக்காலம்.

நான் ஃப்ரீடம் பார்க்குக்கு இரண்டு நாள் போனேன். தமிழ் முகங்கள் கொஞ்சம் தென்பட்டன. கொஞ்சம்தான். ஆயிரக்கணக்கில் வந்திருக்க வேண்டிய நாம் கொஞ்சம் பேராகத்தான் இருந்தோம். அந்தக் குறை எனக்கு இன்னும் உறுத்துகிறது. பிடதியில் அது மறுபடி நடக்கக் கூடாது என்றுதான் இந்த அறைகூவல்.

தேவனஹள்ளியில் கேட்டதும் பைரமங்கலாவில் கேட்பதும் ஒரே கேள்வி: எங்களைக் கேட்டீர்களா? இழப்பீடு எத்தனை கோடி என்பது பிறகு. முதலில், கேட்டீர்களா?

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்லியது. தனியார் திட்டமென்றால் நிலம் இழப்பவர்களில் 80 விழுக்காட்டினர், அரசும் தனியாரும் கூட்டாகச் செய்வதென்றால் 70 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும் என்றது. ஊருக்கு என்ன பாதிப்பு வரும், நிலமில்லாதவர் கதி என்ன என்று முதலில் ஆராய வேண்டும் என்றது. ஆனால் தொழிற்பேட்டைக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம், நகரியத்துக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் என்று மாநிலத்தின் பழைய சட்டங்கள் வழியே உள்ளே நுழைந்தால் அந்தச் சம்மதக் கணக்கைப் போட வேண்டியதில்லை. முதலில் ஓர் அறிவிக்கை, ஆட்சேபம் கேட்கும் சடங்கு, பிறகு இறுதி அறிவிக்கை. ஆட்சேபம் சொன்னவர் மனு ஓர் அலமாரியில் கிடக்கும். இந்தப் பின்வாசலை அடைக்காமல் எந்த ஊருக்கும் நிம்மதி கிடையாது. தேவனஹள்ளியில் வென்றது ஓர் ஊர்க்கூட்டம். பின்வாசல் திறந்தேதான் இருக்கிறது.

கர்நாடகம் இப்படி இருந்த மாநிலம் அல்ல என்பதுதான் வயிற்றெரிச்சல். 1951இல் சாகர தாலுகா காகோடு ஊரில் குத்தகை விவசாயிகள் எழுந்தார்கள். உழுபவனே நிலத்துக்கு உடையவன் என்ற முழக்கம் அந்த மண்ணிலிருந்து நாடெங்கும் கேட்டது. தேவராஜ் அர்ஸ் 1974இல் நிலச் சீர்திருத்தத்தைச் சட்டமாக்கிக் குத்தகைதாரர் கையில் பட்டாவைக் கொடுத்தார். 1980இல் பேராசிரியர் நஞ்சுண்டசாமியும் தோழர்களும் விவசாயிகளின் ரைத சங்கத்தைக் கட்டினார்கள். கடன் வசூல் அதிகாரி ஊரின் அனுமதி இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்று ஊர் வாசலில் போர்டு நட்டார்கள். நினைத்துப் பாருங்கள், அதிகாரியை வாசலில் நிறுத்தி "எங்களைக் கேட்டாயா?" என்று கேட்ட ஊர்கள் அவை! அதே பத்தாண்டில் அமைச்சர் நசீர் சாப் பஞ்சாயத்துகளுக்கு அதிகாரம் தரும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கிணறு கிணறாகத் தோண்டிக் குடிநீர் கொடுத்ததால் மக்கள் அவரை நீர் சாப் என்று கூப்பிட்டார்கள். நாடு முழுதும் பஞ்சாயத்துக்கு அரசியல் சட்டத் திருத்தம் வந்தது 1992இல்தான். அதற்கு முன்பே இங்கே ஜில்லா பரிஷத்துக்குத் தேர்தல் நடந்துவிட்டது.

அந்த மாநிலத்தின் இன்றைய நிலை இது. 2020இல், கொரோனா அடங்காத நேரத்தில், முதலில் அவசரச் சட்டமாகவே நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் முதுகெலும்பை உடைத்தார்கள். விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்றிருந்த 79ஏ, 79பி பிரிவுகள் போயின. ஜில்லா பஞ்சாயத்துக்கும் தாலுகா பஞ்சாயத்துக்கும் 2021இல் காலம் முடிந்தது, உரிய நேரத்தில் தேர்தல் நடக்கவில்லை. நம் பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10 அன்று முடிந்தது; அப்போதும் தேர்தல் நடக்கவில்லை. ஐந்து ஆண்டுக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். ஐந்து ஆண்டு அதிகாரிகளே ஊரை ஆண்டார்கள். 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தார்கள். பிரித்ததில் எனக்குச் சண்டை இல்லை. இவ்வளவு பெரிய ஊருக்கு ஐந்து இருக்கலாம், பத்து இருக்கலாம். ஆனால் ஐந்திலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு ஆள் வேண்டுமா இல்லையா?

ஆகவே, தோழர்களே, பைரமங்கலாக்காரரும் நாமும் ஒரே படகில்தான் இருக்கிறோம். அவர் வயலைப் பற்றி அவரைக் கேட்கவில்லை. ஸ்ரீராமபுரத்தில் நம் தெருவின் சாக்கடையைப் பற்றி நம்மைக் கேட்கவில்லை. குப்பை அள்ளும் பௌரகார்மிகப் பெண்கள், நம் வீட்டுப் பெண்கள், அதிகாலை நாலரைக்குத் துடைப்பத்தோடு போகிறார்கள். அவர்கள் வேலை நிலை பற்றி முடிவெடுக்கிற மன்றத்தில் அவர்கள் ஓட்டு போட்டு அனுப்பிய யாரும் அந்த ஐந்தாண்டும் இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். நான் வாத்தியார், அதைப் பேசாமல் என்னால் முடிக்க முடியாது.

முப்பது ஆண்டு நான் தமிழ் சொல்லிக்கொடுத்த அரசுப் பள்ளியில் நான் சேர்ந்தபோது ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். ஓய்வு பெற்றபோது பள்ளி முழுதும் சேர்த்து நாற்பது இல்லை. பிறகு பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வந்து பூட்டிய கதவின் முன் நின்றார்கள். பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை. கர்நாடகத்தில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பெற்றோர்கள் உறுப்பினராக இருக்கிற மேம்பாட்டுக் குழு உண்டு. 2001இலிருந்தே உண்டு. எங்கள் பள்ளியின் குழு கடைசி இரண்டு ஆண்டு கூடவே இல்லை. அதில் என் பங்கும் இருக்கிறது. பெற்றோர்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும், நான் போகவில்லை. சாயங்காலம் கூலி முடித்து வருகிறவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். கூப்பிடாமல் விட்டதுதான் அவர்களுக்கு நான் செய்த பெரிய தொந்தரவு.

கிராமத்தில் இது இன்னும் வேகமாக நடக்கிறது. நிலம் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் விதைக்கிற கை தயங்குகிறது. இளம் குடும்பங்கள் நகரத்துக்குக் கிளம்புகின்றன. பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தது என்று பள்ளியை இணைக்கிறார்கள். பள்ளி இல்லாத ஊரில் யார் இருப்பார்கள்? மீதிப் பேரும் கிளம்புகிறார்கள். பிறகு ஒருநாள், இந்த ஊரில் விவசாயமே நடக்கவில்லை என்று கோப்பில் எழுதுகிறார்கள்.

இதை மாற்றும் அறிவு நம்மிடம் இல்லாமல் போய்விடவில்லை. ஹெப்பாளைத் தாண்டி, விமான நிலையத்துக்குப் போகிற அதே சாலையில்தான் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகம் நிற்கிறது. இந்த மாநில ஆராய்ச்சி நிலங்களில்தான் லட்சுமணையா என்ற விஞ்ஞானி இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலப்பு செய்து இண்டாஃப் ரகங்களை உருவாக்கினார். ராகி லட்சுமணையா என்றே அவருக்குப் பெயர் நிலைத்தது. நாம் தின்கிற களியில் அவர் உழைப்பு இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் கற்றுக்கொடுக்கிற பாடத்தை விதைக்க அதைச் சுற்றி வயல் மிஞ்சுமா? வேளாண்மை படித்து வெளியே வருகிற பிள்ளை எந்த ஊருக்குப் போய் வேலை செய்யும்? பைரமங்கலா ஏரித் தண்ணீரை மூன்றாம் கட்டம் வரை சுத்தம் செய்து வயலுக்கு விடுவது எப்படி, மல்பெரிக்கும் பாலுக்கும் நியாயமான விலை கிடைக்கச் செய்வது எப்படி என்று யோசிக்க வேண்டிய படித்த கூட்டம் இந்த நகரத்தில் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பத்தில் வேலை செய்கிற தம்பி தங்கைகளே, உங்களைத்தான் சொல்கிறேன். நில வரைபடத்தைப் படிக்க, அறிவிக்கையின் ஆங்கிலத்தை ஊர்க்காரருக்கு எளிய கன்னடத்தில் சொல்ல, தகவல் அறியும் உரிமை மனு எழுத உங்களால் முடியும். ஒரு சனிக்கிழமை கொடுங்கள்.

"தொழிற்சாலை வராவிட்டால் வேலை எங்கே?" என்று பீன்யாத் தோழர்கள் கேட்பது நியாயமான கேள்வி. எனக்கும் வேலை வேண்டும், என் பேரனுக்கும் வேண்டும். வறண்ட மேடும் கற்காடும் இந்த மாநிலத்தில் இருக்கிறது. தண்ணீரும் சாலையும் நகரத்தின் அருகாமையும் இருக்கிற விளைநிலத்தையே ஏன் குறிவைக்கிறார்கள்? அந்த மண்ணின் விலை ஏறப்போகிறது என்பதால்தான். நிலம் கொடுத்தவனின் மகன் அதே தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறானா, வாசலில் காவல் நிற்கிறானா என்று நீங்களே ஒருமுறை ஷிஃப்ட் விடும் நேரத்தில் போய்ப் பாருங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் தர மறுத்த ஏழு விவசாயிகள் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக 2022இலிருந்து ஏகனாபுரம் மக்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போது ஓசூர்க்காரர் பெங்களூருவைத் திட்டுகிறார். பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் செத்ததால் வந்த நுரை அது. அந்த ஏரிகளைச் சாகடித்த அதே பசிதான் இன்று பிடதியில் வாய் திறந்திருக்கிறது.

காவிரியின் பேரில் தமிழர்கள் தாக்கப்பட்ட 1991 டிசம்பரை மறக்காதவர்கள் நம்மில் உண்டு. காவிரி என்ற சொல் காதில் விழுந்தாலே கடையை மூடுகிற அச்சம் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறது. அந்த அச்சத்தை எந்தக் கட்சியும் போக்கித் தராது. 2003இல் இரு மாநில விவசாயிகள் காவிரிக் குடும்பம் என்று ஓர் அமைப்பாகக் கூடி, ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். மண்டியாக்காரர் தஞ்சாவூர் வரப்பில் நடந்தார். அவர்கள் காட்டிய வழி நமக்கும் உண்டு. பைரமங்கலாப் பந்தலில் தமிழ்ப் பெண் ஒருத்தி கன்னடப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் ராகி முத்தே சாப்பிட்டால், அடுத்த காவிரிக் கோடையில் நம் தெருவுக்குக் காவல் நிற்க அந்த ஊரிலிருந்து ஆள் வரும்.

வரும் ஞாயிறு கிளம்புவோம். ஊதா மெட்ரோவில் சல்லகட்டா வரை வாருங்கள். காலை ஏழரைக்கு ஸ்டேஷன் வாசலில் கூடி, அங்கிருந்து பஸ்ஸில் பிடதி போய், பைரமங்கலாவுக்குச் சேர்ந்தே போவோம். வெறுங்கையோடு வராதீர்கள். வீட்டுக்கு ஒரு படி அரிசி, முடிந்தவர் எண்ணெய், பருப்பு. நாம் போனால் அவர்களுக்கு விருந்துச் செலவு கூடக் கூடாது. கட்சிக் கொடி, சாதிக் கொடி, மொழிக் கொடி எதுவும் வேண்டாம். பச்சைத் துண்டு போதும். மேடை கேட்காதீர்கள். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம். பேசச் சொன்னால் கன்னடத்தில் பேசுங்கள், தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். ஏரியைக் காட்ட வேண்டும். நம் வீட்டுக் குழாயிலிருந்து போனது எங்கே போய் நிற்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

திரும்பி வந்த பிறகு, அந்த வாரமே, ஒவ்வொருவரும் தங்கள் வார்டு வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேருங்கள். பிள்ளைகள் படிக்கிற பள்ளியின் மேம்பாட்டுக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கூடவில்லை என்றால், கூட்டச் சொல்லி நாலு பெற்றோர் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். நான் வருகிறேன் கூட; சாயங்காலம் எட்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன்.

ஞாயிறு வேலை இருக்கிறவர்கள் உண்டு, எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையில்தான் வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு விருந்து வேலை கூடும். மார்க்கெட்டில் மூட்டை இறங்கும். அவர்கள் தங்கள் பங்குக்கு அரிசியை மட்டும் சனிக்கிழமை இரவுக்குள் பக்கத்து வீட்டுத் தோழரிடம் கொடுத்து அனுப்பட்டும். அரிசிப் பையின் மேல் தெருப் பெயரை எழுதுங்கள். ஸ்ரீராமபுரம், அல்சூர், கே.ஜி. ஹள்ளி, லக்கசந்திரா, விவேக்நகர் என்று அந்தப் பைகள் பைரமங்கலாப் பந்தலில் வரிசையாக நிற்கட்டும்.

ஏழரை மணி. சல்லகட்டா வாசல். நான் பச்சைத் துண்டோடு ஏழுக்கே நிற்பேன்.